பேராயிரவனைத் தேடும் கணனி

வரலாற்று நூலைக் கதையாகவே படித்துப் பழகியவர்கள் நாம். அதிலுள்ள பெயர்களை எண்ணிப் பார்த்தும் வரலாறு காணலாம் என்றால் உங்களிற் சிலர் நகைப்பீர்கள். தமிழ் வாத்தியாராகிய நானும் ஒருகாலத்தில் நகைத்தவன்தான்.

யப்பானியப் பேராசிரியர் நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தொரு மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களைக் கணனியின் துணைகொண்டு நிரற்படுத்தி 1978இல் வெளியிட்டார்கள். மன்னன் புகழ்பாடும் மெய்க்கீர்த்தியை முதன்மையாகக் கொண்டு எழுதப்பட்ட வரலாற்றில், நிலம் விற்றவனும் வாங்கியவனும் கையெழுத்திட்ட அதிகாரியும் அப்போதுதான் கூட்டமாக வந்து நின்றார்கள். ‘மூவேந்தவேளான்’ போன்ற பட்டங்கள் எந்த மன்னன் காலத்தில், எந்த நாட்டில் மலிந்தன என்று ஆராய வழி பிறந்தது.

நம் மண்ணுக்கு வருவோம். ஒல்லாந்த அதிகாரி மேக்கறூன் கேட்டதற்கிணங்க மாதகல் மயில்வாகனப் புலவர் இயற்றியது யாழ்ப்பாண வைபவமாலை. கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை என்பன அதற்கு ஆதாரம் என்பார்கள். முன்னிரண்டும் நம் கையில் உண்டு, பின்னிரண்டும் மறைந்துபோயின. என் ஆசை இதுதான்: கைலாயமாலையிலும் வையாபாடலிலும் உள்ள பெயர்களையும் செய்திகளையும் வைபவமாலையிலிருந்து கழித்தால் எஞ்சுவது என்ன? அந்த மிச்சத்தில் எங்கோ இராசமுறையின் நிழல் விழுந்திருக்க வேண்டும். செவிவழிக் கதையும் புலவரின் சொந்தக் கைச்சரக்கும் அதனுடன் கலந்திருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

செய்யுள் உரைநடையாகும்போது சொற்கள் மாறிவிடும். ஆட்பெயரும் ஊர்ப்பெயரும் அவ்வளவாக மாறா. எங்கள் அயலூரான இணுவிலில் குடியேறிய பேராயிரவனைக் கைலாயமாலையிலும் காணலாம், வைபவமாலையிலும் காணலாம். ஆகவே பெயரைப் பிடித்துக்கொண்டு நடப்பதே உத்தமம். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. யாழ்ப்பாண மன்னர்கள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற பெயர்களை மாறிமாறிச் சூடியவர்கள். கணனியோ பல மன்னர்களை ஒருவனாகவே எண்ணிவிடும்! அங்கே படித்தவன் பக்கத்தில் இருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சங்கடம். நூலகம் இணையத்தளத்திற் கிடைக்கும் பழைய நூல்கள் பெரும்பாலும் பக்கப் படங்கள். அவற்றை எழுத்தாக உள்ளிட்டாலன்றிக் கணனியால் எண்ண முடியாது. என் உயர்தர வகுப்பு மாணவிகள் இருவர், மாலை வேளைகளில், குடியேற்றப் பகுதியைத் தட்டச்சிட்டு வருகிறார்கள். நேற்றுத்தான் பேராயிரவன் வரைக்கும் வந்திருக்கிறார்கள்.