மூச்சு விடுங்க... மைக்கில் விடாதீங்க!

பாடினால் மூச்சு வாங்கும். இயற்கை. அந்த மூச்சே மைக்கில் புயலாக விழுந்தால்?

மேகமலையில் எஸ்டேட் வேலை பார்க்கும் தம்பி ஒருவன். அருமையான குரல். கீழே ஒரு மெல்லிசைக் குழுவுக்கு செல்போனில் பாடி அனுப்பினான். "பாட்டு நல்லாத்தேன் இருக்கு. அதவிட மூச்சுதேன் நல்லாக் கேக்குது. ஒரு வாரத்துல வேற அனுப்பு" என்று பதில்!

நான் கேட்டுப் பார்த்தேன். சிக்கல் இரண்டு. 'ப' வரும் இடமெல்லாம் 'டப்' என்று வெடி. வரிக்கு வரி 'ஹா' என்று இழுப்பு.

வெடிக்குக் காரணம், உதட்டிலிருந்து குத்தாகப் பாயும் காற்று. மைக்கை ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நடுவில் ஒரு 'பாப் ஃபில்டர்'. காசில்லையா? எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டுங்கள். காற்று உடையும், பாட்டு தாராளமாகப் போகும்.

இழுப்புக்கு வைத்தியம் வேறு. சந்து வழியாக அவசரமாக நுழையும் காற்றுதான் விசிலடிக்கும், பஸ் ஜன்னல் மாதிரி! தலையை லேசாகத் திருப்பி, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாக இழுக்கணும். நான் பி.காம். ஆசாமி. மூச்சு வரவு, பாட்டு செலவு. வரவு எந்த இடத்தில் என்று பாட்டுத் தாளில் முன்பே பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

மலைக்காற்று அடங்கிய ராத்திரியில், ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு மறுபடி பாடினான். வெடி போச்சு. இழுப்பு கொஞ்சம் மிச்சம்.

"மொத்தமா வெட்டிரலாமாண்ணே? எஸ்.பி.பி. சார் மூச்சு விடாமப் பாடலையா?"

அவன் சொன்னது 1990-ல் வந்த 'கேளடி கண்மணி' பாட்டை. இசை, இதே கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்து இளையராஜா. அதை ஒரே மூச்சில் பாடவில்லை, ஒலிப்பதிவு உத்திதான் என்று எஸ்.பி.பி.யே பின்னாளில் சொல்லிவிட்டார். 1998-ல் ஷங்கர் மகாதேவன் பாடிய 'பிரெத்லெஸ்'ஸும் அப்படித்தான்.

வெட்டவில்லை. கம்ப்யூட்டரில் மூச்சு வரும் இடங்களை மட்டும் ஆறேழு டெசிபல் குறைத்தோம். 'கம்ப்ரஸர்' பக்கம் அதிகம் போகவில்லை. அது சன்னமான மூச்சையும் தூக்கிக் காட்டிவிடும். குழு சேர்த்துக்கொண்டது.

மூச்சைச் சுத்தமாகத் துடைத்துவிட்டால் பாட்டு ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி ஆகிவிடும். பாடுகிற ஆள் உயிரோடு இருக்கிறார் என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டாமா, சார்?