எடை குறைந்தால் சத்துமாவு. காரீயத்தை அளப்பது யார்?

அங்கன்வாடியில் மாதந்தோறும் குழந்தையை எடைபோட்டுப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். எடை குறைந்தால் சத்துமாவு தருகிறார்கள். 'பிள்ளைக்கு ஒழுங்கா ஊட்டும்மா' என்று தாய்க்குப் புத்தி சொல்கிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100க்கு 22 பேருக்கு வயதுக்கேற்ற எடை இல்லை. பசியும் வறுமையும் பெரிய காரணங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய பேட்டரி உடைக்கும் கொட்டகையையும் குப்பைக் கிடங்கையும் ஒட்டியிருக்கும் நம் குடியிருப்புகளில் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும்: குழந்தையின் இரத்தத்தில் காரீயம் எவ்வளவு?

காரீயம் வேறு, வெள்ளீயம் வேறு. ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம். பேட்டரித் தகட்டிலும் பழைய பெயிண்டிலும் இருப்பது காரீயம். உடலுக்கு அதனால் எள்ளளவும் பயனில்லை. பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் போகும் வழியிலேயே காரீயமும் குடலிலிருந்து இரத்தத்துக்குள் நுழைகிறது. அந்தச் சத்துகள் குறைந்த உடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. பெரியவர்களைவிடச் சிறுகுழந்தைகள் நான்கைந்து மடங்கு உறிஞ்சுகிறார்கள். அதே ஆய்வில், நம் மாநிலத்துக் குழந்தைகளில் 100க்கு 57 பேருக்கு இரத்தசோகை. ஒரே தெருவின் தூசிதான். வயிறு நிறைந்த பிள்ளையைவிட வயிறு காய்ந்த பிள்ளைக்குள் அதிக நஞ்சு இறங்குகிறது.

எலும்பில் தங்கும் காரீயம் பல்லாண்டுகள் அங்கேயே கிடக்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து வெளிவந்து கருவைச் சென்றடையும். தாயின் இரத்தத்தில் காரீயம் கூடினால் குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டனில் 1,442 தாய்-சேய் இணைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2019இல் வெளியானது. அதில் பெரும்பாலோர் ஏழைக் கறுப்பினத்தவர். கர்ப்பத்தில் காரீயம் அதிகமிருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம் பின்னாளில் உடல்பருமன் கூடுதலாகக் காணப்பட்டது. தாயிடம் போலிக் அமிலம் போதுமான அளவு இருந்தபோது அந்த ஆபத்து குறைந்தது. எடை குறைவோ கூடுதலோ, தாயின் சமையலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில், சராசரியாக ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 11.4 மைக்ரோகிராம் காரீயம் இருந்தது. 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடித் தடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல்.

காயலான் கடையில் பேட்டரி பிளப்பவர் யார்? குப்பைமேட்டில் ஒயரை எரித்துச் செம்பு எடுப்பவர் யார்? ஊருக்கு ஆகாத தொழிலும் ஊருக்கு ஆகாத இடமும் சேரிக்கு என்று ஒதுக்கிய அதே சாதிதான் இந்த நஞ்சையும் பங்கு பிரிக்கிறது. அப்பாவின் சட்டையில் ஒட்டிவரும் தூசி பிள்ளையின் கைக்கும், கையிலிருந்து வாய்க்கும் போகிறது.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை உண்டு. வேலை முடிந்ததும் குளித்து உடைமாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்க வேண்டும். வேலைத் துணியைத் தனியே துவைக்க வேண்டும். தரையை ஈரத்துணியால் துடைக்கலாம். கேழ்வரகு, கீரை, முட்டை, ஆரம்ப சுகாதார நிலையம் தரும் இரும்புச்சத்து-போலிக் அமில மாத்திரை இவற்றை விடக்கூடாது. வீட்டில் பேட்டரி உடைப்பதும் உருக்குவதும் அறவே கூடாது.

ஆனால் துணி துவைத்து மட்டும் தீராது. சட்டத்தில் காரீய நச்சு, கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் இருக்கிறது. பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்வது தயாரிப்பாளரின் பொறுப்பு என்கின்றன 2022ஆம் ஆண்டு விதிகள். காகிதத்தில் உள்ளது கொட்டகைக்கு வரவில்லை.

எனவே அடுத்த கிராம சபையில் நாம் மூன்று தீர்மானங்கள் கேட்போம். கொட்டகைக்கும் கிடங்குக்கும் அருகில் வாழும் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அரசு செலவில் இரத்தக் காரீயப் பரிசோதனை. குடியிருப்பின் மண்ணையும் நீரையும் பரிசோதித்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுதல். அனுமதியற்ற கொட்டகைகளை மூடி, அங்கு வேலைசெய்தவர்களுக்கு மாற்று வேலை. படித்த நம் பிள்ளைகள் மனுவை எழுதித் தரட்டும். எடைப் பதிவேட்டோடு தாய்மார் முன்வரிசையில் அமரட்டும்.