சத்தமில்லாமல் இறங்கத் தெரியுமா?

மாணவர்களே, பார்க்கூர் காணொளிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் சுவரில் ஏறுகிறார், கம்பியைத் தாண்டுகிறார், அடுத்த திட்டுக்குப் பாய்கிறார். நம் கண் அந்தப் பாய்ச்சலையே கவனிக்கிறது. ஆனால், முறையாகப் பார்க்கூர் கற்பவர் முதலில் பழகுவது தரையிறங்குவதை. ஏன் தெரியுமா?

50 கிலோ எடையுள்ள நீங்கள் 1 மீட்டர் உயரத் திட்டிலிருந்து குதிப்பதாக வைத்துக்கொள்வோம். பாதம் தரையைத் தொடும்போது உங்கள் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர், அதாவது மணிக்கு 16 கிலோமீட்டர். கால்களை விறைப்பாக வைத்து, உடல் 5 சென்டிமீட்டர் மட்டுமே தாழ்ந்து நின்றால், தரை உங்கள் கால்களைத் தாக்கும் சராசரி விசை உங்கள் எடையைப்போல் 21 மடங்கு. கிட்டத்தட்ட ஒரு மைவி காரின் எடை! முட்டியை மடக்கி, உடல் 40 சென்டிமீட்டர் தாழும்படி இறங்கினால், அது மூன்றரை மடங்காகக் குறைகிறது. உயரமும் உடலும் மாறவில்லை. நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரமும் நேரமும்தான் கூடின.

முன்னோக்கி வேகமாக வந்து இறங்குபவர் தோளிலிருந்து எதிர்ப்பக்க இடுப்புக்குக் குறுக்காக உருள்வதும் இதற்காகத்தான். நேர்க்குத்தாக உருண்டால் முதுகெலும்பு அடி வாங்கும். குறுக்காக உருண்டால் தாக்கம் பரந்து குறைகிறது.

இந்தப் பயிற்சியின் வேரில் நம் தென்கிழக்காசியாவுக்கும் இடமுண்டு. வியட்நாமில் பிறந்த ரேமோன் பெல், டாலாட் நகர இராணுவப் பள்ளியில் தடை தாண்டிப் பழகியவர். பின்னர் பாரிஸ் தீயணைப்புப் படையில் சேர்ந்தார். அங்கே வேகமாக ஓடி ஏறுவது வித்தை காட்ட அல்ல, உயிர் காக்க. அவருடைய மகன் டேவிட் பெல், பாரிஸுக்கு அருகிலுள்ள லிஸ் நகரில் நண்பர்களோடு வளர்த்தெடுத்ததே பார்க்கூர். 2017-இல் பிரிட்டன் அதை ஒரு விளையாட்டாக அதிகாரபூர்வமாக ஏற்றது.

இதே அறிவியலை ஜொகூரிலேயே பார்க்கலாம். மூவாரைச் சேர்ந்த குன் செங் கெங் சிங்க நடனக் குழு, கெந்திங் மலை உலகப் போட்டிகளில் பலமுறை வாகை சூடியது. உயரமான இரும்புத் தூண்கள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சிறிய வட்டத் தட்டு. ஒரே சிங்கத்துக்குள் இருக்கும் இருவரும் தட்டுவிட்டுத் தட்டு தாவ வேண்டும். தாண்டினால் மட்டும் போதாது. குறித்த இடத்தில் இறங்கி, அங்கேயே நிலைக்க வேண்டும். கண், உட்காதின் சமநிலை உறுப்பு, தசைகளிலுள்ள உணர்விகள் ஆகிய மூன்றும் அனுப்பும் செய்திகளைச் சிறுமூளை ஒருங்கிணைப்பதால்தான் அது முடிகிறது. அந்தத் திறன் திரும்பத் திரும்பப் பழகினால் மட்டுமே வரும்.

ஆகவே பார்க்கூர் ஒரு சிந்தனை முறையும்கூட. “ஆழம் தெரியாமல் காலை விடாதே” என்பார்கள். குதிக்குமுன் மூன்று கேள்விகள்: தூரம் எவ்வளவு? இறங்கும் இடம் உறுதியானதா? தவறினால் எங்கே விழுவேன்? மாலை மழையில் நனைந்த, பாசி படிந்த சிமெண்டில் உராய்வு மிகக் குறைவு. நேற்று எளிதாகத் தாண்டிய அதே திட்டு இன்று ஆபத்தாகலாம். அப்போது “வேண்டாம்” என்று திரும்பி வருபவர் கோழையல்ல, கணக்குத் தெரிந்தவர்.

நீங்களும் முயலலாம், கூரையில் அல்ல, பள்ளித் திடலில். உடற்கல்வி ஆசிரியரின் பார்வையில், தரையில் ஒரு கோடு போட்டு, நின்ற இடத்திலிருந்து இரு கால்களாலும் அதன்மேல் குதியுங்கள். முன்பாதம் முதலில் படட்டும், முட்டி மடங்கட்டும், காது கேட்கட்டும். ‘தொம்’ என்ற சத்தம் வந்தால் கால்கள் சட்டென்று நின்றுவிட்டன என்று பொருள். பத்து முறை தொடர்ந்து சத்தமில்லாமல், கோட்டைத் தவறவிடாமல் இறங்க முடிகிறதா? அதன்பிறகு கோட்டை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.