ஏ.சி. இருக்கு, காற்று இருக்கா?

பிளே ஸ்கூல் அட்மிஷனுக்குப் போகிறவர்கள் தவறாமல் கேட்பது, "ஏ.சி. இருக்கா, கேமரா இருக்கா?" ஜன்னலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் பார்த்த ஓர் எல்.கே.ஜி. அறையில் ஜன்னலுக்கு டேப் ஒட்டி, மேலே கார்ட்டூன் சார்ட் மாட்டியிருந்தார்கள். உள்ளே ஃபினைல் நெடி. மூலையில் கொசுவர்த்திச் சாம்பல்.

சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் உள்ள காற்றையே திரும்பத் திரும்பக் குளிரவைக்கும். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. அடைத்த வகுப்பறையில் அது 1,000-ஐத் தாண்டுவது சகஜம். ஒரு குழந்தையின் சளி வகுப்பு முழுக்கப் பரவ இப்படி அடைபட்ட காற்று போதும்.

பிஞ்சு நுரையீரல்

பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். மூன்று வயதுக் குழந்தை அதைவிட வேகமாக விடும். அதன் மூச்சுக்குழாய் குறுகல் என்பதால் லேசான வீக்கமே இழுப்பாக மாறலாம். தரையில் உட்கார்ந்து விளையாடுவதால் தூசியும் கூடுதல். ஒரு கொசுவர்த்தி எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளைக் கக்குகிறது என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத்தர அளவுகள் வெளிக்காற்றுக்கானவை. ஆனால் தனியார் விளையாட்டுப் பள்ளிகளுக்கான தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல், அறைகளில் போதிய காற்றோட்டம் வேண்டும் என்கிறது. சுவர்ப் பூச்சுக்கும் விதி உண்டு: வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 முதல் அமலில் உள்ளது.

நீங்கள் செய்ய வேண்டியது

* பள்ளி நாளில் இருமல், லீவு நாளில் இல்லை என்றால் தேதியோடு குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.
* எதிரெதிர் ஜன்னல்களைத் திறக்கவும், கொசுவர்த்திக்குப் பதில் வலை அடிக்கவும், பெயின்ட் வேலையைக் கோடை விடுமுறைக்குத் தள்ளவும் பள்ளியிடம் எழுத்தில் கேளுங்கள்.
* பதில் இல்லையா? மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு மனு. அங்கன்வாடி என்றால் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம்.
* தகவல் உரிமைச் சட்டத்தில் பள்ளியின் ஆய்வு அறிக்கையை அலுவலகத்திடம் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

அட்மிஷன் ஃபாரத்தை நிரப்பும் முன் ஒரு ஜன்னலைத் திறந்துகாட்டச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் துருப்பிடித்து நகர மறுத்தால், அது எத்தனை நாளாகத் திறக்கப்படவில்லை என்று யாரும் சொல்லத் தேவையில்லை.