கிடர்பூர் வான்தாக்குதலும் விமானி பிரிங்கின் மரணமும்: 1943 டிசம்பர் 5 அன்று நடந்தது என்ன?

கொல்கத்தா: இரண்டாம் உலகப் போரில் கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகம் சந்தித்த மிகக் கடுமையான வான்தாக்குதல் 1943 டிசம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை நிகழ்ந்தது. அதை எதிர்த்துப் பறந்து உயிரிழந்தவர்களில் ஒருவர், பிரிட்டன் விமானப்படையின் இளம் விமானி ஆர்தர் மாரிஸ் ஓவர்ஸ் பிரிங். அதே ஆண்டின் தொடக்கத்தில் நகரமே கொண்டாடிய பெயர் அது.

1892-இல் திறக்கப்பட்ட கிடர்பூர் துறைமுகம், பர்மா ஜப்பான் வசமான பிறகு கிழக்குப் போர்முனைக்கான முக்கிய வாயிலாக மாறியது. 1942 டிசம்பர் 20 இரவு கொல்கத்தா மீது முதல் குண்டு விழுந்தது. அடுத்தடுத்த இரவுகளிலும் தாக்குதல் தொடரவே, இலட்சக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். சேதத்தைக் காட்டிலும் அச்சமே பெரிதாக இருந்தது. இருளில் வரும் குண்டுவீச்சு விமானத்தைத் தேடிப் பிடிக்கும் கருவி எதுவும் அப்போது வங்கத்தில் இருந்த போர் விமானங்களில் இல்லை.

இக்குறையைப் போக்க மத்தியக் கிழக்கிலிருந்து பியூஃபைட்டர் ரக விமானங்கள் வரவழைக்கப்பட்டன. 1943 ஜனவரி மத்தியில் டம்டம்மில் 176-ஆவது படைப்பிரிவு உருவாக்கப்பட்டது. தரையில் உள்ள ரேடார் நிலையம் எதிரி வரும் திசையை முதலில் அறிவிக்கும். நெருங்கியதும், பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவர் விமானத்திலேயே பொருத்தப்பட்ட ரேடாரைப் பார்த்து, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என விமானிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். எதிரி விமானம் கண்ணுக்குத் தென்படும் வரை விமானிக்கு அந்தக் குரலே வழிகாட்டி.

ஜனவரி 15 இரவு, சார்ஜெண்ட் தரநிலையில் இருந்த பிரிங், மூன்று ஜப்பானியக் குண்டுவீச்சு விமானங்களைச் சில நிமிடங்களுக்குள் அடுத்தடுத்துச் சுட்டு வீழ்த்தினார். சில நாள்களில் மேலும் சில விமானங்களை அப்படைப்பிரிவு வீழ்த்தவே, இரவுத் தாக்குதல்கள் ஓய்ந்தன. பிரிங்கிற்கு டி.எஃப்.எம். பதக்கம் வழங்கப்பட்டது; பின்னர் அவர் அதிகாரியாக உயர்த்தப்பட்டார். வீழ்ந்த விமானங்களுக்குள்ளும் ஏறக்குறைய அவர் வயதையொத்த இளைஞர்களே இருந்திருப்பர் என்பதை அன்றைய மகிழ்ச்சியில் எவரும் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

டிசம்பரில் ஜப்பானியர் உத்தியை மாற்றினர். தரைப்படை, கடற்படை ஆகிய இரண்டின் விமானங்களும் பெரும் பாதுகாப்பு அணியுடன் பட்டப்பகலில், இரு அலைகளாக வந்தன. வங்கத்தில் இருந்த புதிய ஸ்பிட்ஃபயர் விமானங்கள் கிழக்கே சிட்டகாங் பகுதியில் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றின் எல்லைக்குள் சிக்காமல் வங்காள விரிகுடா மீது சுற்றிக்கொண்டு வந்ததால், நகரைக் காக்கும் பொறுப்பு பழைய ஹரிக்கேன் விமானங்கள் மீது விழுந்தது. முதல் அலையை எதிர்கொண்டவை எரிபொருளும் தோட்டாவும் தீர்ந்து தரையிறங்க நேர்ந்தபோது இரண்டாம் அலை நெருங்கியது. இரவுப் போருக்கென வைத்திருந்த 176-ஆவது பிரிவின் ஹரிக்கேன்களும் மேலே அனுப்பப்பட்டன. பகல் வெளிச்சத்தில் ஜப்பானியப் போர் விமானங்களுடன் மோதுவதற்கு அவை ஏற்றவை அல்ல. பிரிங் திரும்பவில்லை.

கீழே துறைமுகத்தில் கப்பல்கள் சேதமடைந்தன. சரக்குப் படகுகள் தீப்பற்றி எரிந்தன. மாண்டோரில் பெரும்பாலோர் சுமை தூக்கும் தொழிலாளர்கள். பஞ்சம் வங்கத்தை வாட்டிய ஆண்டு அது. கூலி வேலை தேடித் துறைமுகத்துக்கு வந்தவர்கள் பலர். அவர்களுள் எத்தனை பேர் இறந்தனர் என்பதில் பதிவுகள் ஒத்துப்போவதில்லை. 300-க்குச் சற்று அதிகம் என்பது ஒரு கணக்கு, சுமார் 500 என்பது மற்றொன்று.

காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம், போரில் இறந்த ஒவ்வொரு வீரரின் பெயரையும் தரநிலையையும் நாளையும் தனித்தனியே பதிந்து வைத்துள்ளது. கொல்கத்தாவின் பவானிப்பூர் கல்லறைத் தோட்டத்தில் மட்டும் இரண்டாம் உலகப் போரின் 600-க்கும் மேற்பட்ட கல்லறைகளை அது பராமரித்து வருகிறது. கிடர்பூரில் இப்போதும் கப்பல்கள் வந்து செல்கின்றன.