நாம விவசாயியா, கூலியா?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் கடன் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தோம். 'தொழில்' என்ற இடம் வந்தது. "கூலின்னு போடுங்க மேடம்" என்றார் ஒரு அக்கா. பக்கத்தில் இருந்த வயதான அம்மா விடவில்லை. "ஏன்டி, பத்து வயசுலேர்ந்து நாத்து நடுறேன். பயிரப் பாத்தே என்ன நோவுன்னு சொல்லுவேன். நான் விவசாயி இல்லையா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். கடைசியில் 'கூலி' என்றுதான் எழுதினோம். காரணம், அவர் பெயரில் ஒரு குழி நிலம்கூட இல்லை.

அந்த அம்மா கேட்ட கேள்வி என் மனதை விட்டுப் போகவில்லை. அதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

பண்ணையாள் காலம்

குறுவை, சம்பா, தாளடி என்று காவிரித் தண்ணீரை நெல்லாக்கியவர்கள் யார்? பெரும்பாலும் சேரியில் வாழ்ந்த தலித் மக்கள். வாய்க்கால் வெட்டியதும், நாற்று பறித்ததும், நட்டதும், களை எடுத்ததும், அறுத்து அடித்ததும் அவர்கள் கைதான். விளைந்த நெல்லோ வேறு வீட்டுக் குதிருக்குப் போனது.

1843-லேயே அடிமை முறை சட்டப்படி செல்லாது என்றாகிவிட்டது. ஆனால் தஞ்சைச் சீமையில் கடனைக் காட்டிப் பண்ணையாள் முறை தொடர்ந்தது. அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளையும் உழைத்தான். தவறு செய்தால் சாட்டையடி, சாணிப்பால். 1943-ல் தென்பரையில் விவசாயிகள் சங்கம் தொடங்கியது. பி. சீனிவாசராவ் போன்றவர்கள் ஊர் ஊராக நடந்து மக்களைச் சேர்த்தார்கள். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அதற்குப் பிறகும் கூலிக்குப் போராட வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கூலி நெல் கொஞ்சம் கூடக் கேட்டதும், சங்கத்தை விட மறுத்ததும்தான் அவர்கள் செய்த குற்றம். 1969-ல் நியாயக் கூலிச் சட்டமும், 1971-ல் குடியிருக்கும் மனைக்கு உரிமை தரும் சட்டமும் வந்தன. இன்று நம்மில் பலர் உட்கார்ந்திருக்கும் வீட்டு மனைக்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது.

கடல் தாண்டியும் இதே கதை

இது நம்ம ஊரில் மட்டும் நடந்தது இல்லை. அமெரிக்காவில் கரோலினா என்ற பகுதி ஒரு காலத்தில் நெல்லுக்குப் பேர்போனது. சதுப்பு நிலத்தில் வரப்பு கட்டி, மதகு வைத்து அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட கறுப்பின மக்கள். அவர்களில் பலர் சொந்த ஊரிலேயே நெல் விவசாயம் தெரிந்தவர்கள்.

1865-ல் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை தருவதாக உத்தரவு போட்டார்கள். அதே வருடம் அதைத் திரும்பப் பெற்றும் விட்டார்கள். அப்படியும் பாடுபட்டு, சேர்த்துவைத்து நிலம் வாங்கினார்கள். அடிமையாகப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் விவசாய விஞ்ஞானி ஆனார். பருத்தி போட்டுப் போட்டு ஓய்ந்துபோன மண்ணைக் கடலையும் பயறும் போட்டுத் தேற்றலாம் என்று ஏழை விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். சம்பா அறுப்புக்கு முன்னாடி நாம் உளுந்து தெளிக்கிற மாதிரிதான்.

ஃபேனி லூ ஹேமர் என்ற அம்மாவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஓட்டுரிமைக்காகப் பெயர் பதியப் போனதற்காக, 1962-ல் வேலை பார்த்த பண்ணையிலிருந்து விரட்டப்பட்டார். 1969-ல் 40 ஏக்கர் வாங்கிக் கூட்டுப்பண்ணை தொடங்கினார். 'பன்றி வங்கி' ஒன்றும் நடத்தினார்கள். ஒரு குடும்பத்துக்குப் பெண் பன்றி கொடுப்பார்கள். அது போடும் குட்டிகளில் சிலதை வங்கிக்குத் திருப்பித் தரவேண்டும். அது அடுத்த குடும்பத்துக்குப் போகும். நம்ம சுழல்நிதி போலவே இல்லையா?

1920-ல் அங்கே ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான கறுப்பின விவசாயிகள் இருந்தார்கள். இன்று ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. காரணங்கள் பல. வன்முறை ஒன்று. அரசுக் கடன் மறுக்கப்பட்டது இன்னொன்று. மூன்றாவதை நாம் கவனிக்க வேண்டும். தாத்தா பெயரில் இருந்த நிலத்தைப் பேரப்பிள்ளைகள் எழுத்து எதுவும் இல்லாமல் பொதுவில் வைத்திருந்தார்கள். யாரோ ஒரு பங்காளியின் பங்கை வெளி ஆள் வாங்கி, கோர்ட்டுக்குப் போய் மொத்த நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

நம்ம பக்கம் பஞ்சமி நிலம் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, 1892 உத்தரவுப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரப்பட்ட நிலம் அது. வெளியாருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனையே உண்டு. அப்படியும் எவ்வளவோ கைமாறிப் போய்விட்டது.

பெண் பெயரில் ஒரு ஏக்கர்

வெண்மணிக்குப் பிறகு கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் கீழத்தஞ்சைக்கு வந்து தங்கினார்கள். கிருஷ்ணம்மாள் தலித் குடும்பத்தில் பிறந்தவர். 1981-ல் இருவரும் 'லாப்டி' என்ற உழுபவர் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார்கள். நிலக்காரர்களிடம் பேசி, நியாய விலைக்கு வாங்கி, நிலமில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். பத்திரத்தைப் பெண்கள் பெயரில் எழுதவைத்தார்கள். அந்த நிலம் அவள் கையெழுத்து இல்லாமல் போகாது அல்லவா?

இனி அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். 2007-ல் வந்த தேசிய விவசாயிகள் கொள்கை, விவசாயக் கூலி வேலை செய்பவரையும் குத்தகைக்காரரையும் 'விவசாயி' என்றே சொல்கிறது. அதற்கு அடிப்படை போட்ட ஆணையத்தின் தலைவர் எம்.எஸ். சுவாமிநாதன், நம்ம கும்பகோணத்துக்காரர். ஆகவே, அம்மா, நீங்கள் விவசாயிதான். தைரியமாகச் சொல்லுங்கள். ஆனால் சொன்னால் மட்டும் போதாது, கையில் காகிதமும் வேண்டும்.

குழுவில் பேசுவோம், செய்வோம்

• உங்கள் வீட்டு மனை, வயல் பட்டா யார் பெயரில் இருக்கிறது? இறந்துபோன மாமனார் பெயரில் இருந்தால், வாரிசுச் சான்று வாங்கிப் பெயர் மாற்ற மனுக் கொடுங்கள்.

• இ-சேவை மையத்தில் பட்டா, சிட்டா நகல் எடுத்துப் பாருங்கள். வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்று பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

• அவசரக் கடனுக்காக வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பட்டாவை அடகு வைக்கும் நிலை வந்தால் முதலில் குழுவில் சொல்லுங்கள்.

• பிறந்த வீட்டுச் சொத்தில் உங்கள் பங்கு என்ன? தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அதில் விதிவிலக்கு இருந்தது. 2005-ல் வந்த மத்திய சட்டம் மகள்கள் எல்லாருக்கும் பொது.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் பட்டா நகல் ஒன்று கொண்டுவாருங்கள். இல்லாதவர்கள் இல்லை என்று சொல்லுங்கள். யாருக்கு இல்லை என்று தெரிந்தால்தான் சேர்ந்து கேட்க முடியும்.