பிரிண்டரில் விழுந்த பூச்சி

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "கம்ப்யூட்டர் தப்பு செய்யுமா?" என்பதுதான். நான் சாஃப்ட்வேர் நிறுவனத்தில் புரோகிராம் எழுதுபவன். விளக்கம் சொல்வதை விட்டுவிட்டு, பழைய சயின்ஸ் ஃபிக்ஷன் படம் ஒன்றைப் பார்க்கச் சொல்வேன். படத்தின் பெயர் பிரேசில். 1985-ல் வந்த ஆங்கிலப் படம், டைரக்டர் டெரி கில்லியம். பிரேசில் நாட்டுக்கும் கதைக்கும் சம்பந்தமே இல்லை. படத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பழைய பாட்டு ஒன்றிலிருந்து எடுத்த பெயர் அது.

சயின்ஸ் ஃபிக்ஷன் என்றதும் ராக்கெட்டும் ரோபோவும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் காலத்து டைரக்டர்கள் பலருக்கு இது அரசாங்கத்தைக் கிண்டல் செய்ய ஒரு வசதியான வழி. ஸ்டான்லி குப்ரிக் 1964-ல் எடுத்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ் படத்தில், எதிரி தாக்கினால் உலகத்தையே தானாக அழித்துவிடும் ஒரு இயந்திரத்தை ரஷ்யா செய்து வைத்திருக்கும். யாராலும் அதை நிறுத்த முடியாது. எதிரியைப் பயமுறுத்தத்தான் அந்த இயந்திரம். ஆனால் அப்படி ஒன்று இருப்பதை எதிரிக்கு இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள்! தியேட்டரில் சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்குப் போனதும் தூங்கவிடாமல் செய்யும் வகைப் படம்.

பிரேசில் அவ்வளவு பெரிய விஷயத்துக்குப் போகவில்லை. ஓர் எழுத்துப் பிழைதான் கதை.

அரசு அலுவலகம் ஒன்றில் ஊழியர் ஒருவர் மேலே ஏறிப் பூச்சி ஒன்றை அடிக்கிறார். செத்த பூச்சி, கைது உத்தரவுகளை வரிசையாக அச்சடித்துக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் விழுகிறது. டட்டில் என்று வரவேண்டிய பெயர் பட்டில் என்று வந்துவிடுகிறது. அவ்வளவுதான். அரசு தேடுவது டட்டிலை. ஆனால் போலீஸ் கூரையைத் துளைத்து இறங்கிப் பிடித்துக்கொண்டு போவது, மனைவி குழந்தைகளோடு கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருந்த அப்பாவி பட்டிலை. அந்த அம்மாளிடம் கணவரைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது தருகிறார்கள். ரசீது வாங்கியதற்கும் கையெழுத்துக் கேட்கிறார்கள்!

விசாரணையில் பட்டில் இறந்துவிடுகிறார். அப்போது அலுவலகத்துக்கு வரும் கவலை என்ன தெரியுமா? அந்த நாட்டில் கைதானவரை விசாரிக்கும் செலவை அவரிடமிருந்தே வசூலிப்பார்கள். தவறான ஆளிடம் வசூலித்துவிட்டார்களே, கணக்கு இடிக்கிறதே என்பதுதான் கவலை. சாம் லோரி என்ற கிளார்க், பணத்தைத் திருப்பித் தரும் செக்கை எடுத்துக்கொண்டு பட்டிலின் வீட்டுக்குப் போகிறார். அந்த அம்மாள், என் கணவரின் உடலை என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார். சாமிடம் அதற்குப் பதில் இல்லை. அவர் கையில் செக் மட்டும்தான் இருக்கிறது. மாடி வீட்டுப் பெண் தவறைச் சுட்டிக்காட்டி அலுவலகம் அலுவலகமாக அலைகிறாள். கடைசியில் அவள் மீதே சந்தேகம் திரும்புகிறது.

படத்தில் வரும் கம்ப்யூட்டர்களைத் தவறவிடாதீர்கள். பழைய டைப்ரைட்டர் கீபோர்டு, உள்ளங்கை அளவு ஸ்கிரீன், அதற்கு முன்னால் ஒரு பெரிய பூதக்கண்ணாடி. மேலதிகாரி கதவைச் சாத்தியதும் ஊழியர்கள் எல்லோரும் அதில் சினிமா பார்ப்பார்கள். எங்கள் ஆபீஸைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

சரி, இதில் கம்ப்யூட்டர் செய்த தப்பு என்ன? நம் வேலையில் புரோகிராமில் உள்ள பிழையை 'பக்', அதாவது பூச்சி என்றுதான் சொல்கிறோம். ஆனால் படத்தில் உண்மையான தப்பு பூச்சி அல்ல. அச்சில் வந்த பெயரைப் பழைய பதிவோடு யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. தவறு என்று தெரிந்த பிறகும் அதைத் திருத்த ஒரு வழி வைக்கவில்லை.

இது எனக்கு உறைத்தது படம் பார்த்தபோது அல்ல, அதற்குப் பிறகு ஒரு நாள்.

என் பாட்டிக்கு வந்துகொண்டிருந்த பென்ஷன் திடீரென்று நின்றுபோனது. ஆவணங்களைப் புதிதாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, பாட்டியின் இனிஷியல் 'எம்' என்பதற்குப் பதில் 'என்' ஆகிவிட்டது. உங்கள் கீபோர்டைப் பாருங்கள், இரண்டு கீயும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். பேங்க் பாஸ்புக்கில் ஒரு பெயர், பதிவில் ஒரு பெயர் என்று நான்கு மாதம் பணம் வரவில்லை. பாட்டி நேரில் போய் நின்றார். "கம்ப்யூட்டர்ல இப்படித்தாம்மா இருக்கு, நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார்கள். பாட்டி வீட்டுக்கு வந்து என்னைக் கேட்டார்: "நீ அந்த மிஷின் வேலைதானே பாக்கறே? அதுகிட்ட நான்தான்னு சொல்லக்கூடாதா?"

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் இதே மாதிரி ஒரு டேட்டா என்ட்ரி ஸ்கிரீன் எழுதினேன். அதில் 'சேவ்' பட்டன் உண்டு. சேவ் செய்த பதிவைத் திருத்தும் பட்டன் கிடையாது. அடுத்த வெர்ஷனில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். அந்த அடுத்த வெர்ஷன் வருவதற்குள் நான் வேறு வேலைக்குப் போய்விட்டேன். யாருடைய பாட்டி அந்த ஸ்கிரீனுக்கு முன்னால் நின்றாரோ, எனக்குத் தெரியாது.

படம் மிகைப்படுத்துகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை. பிரிட்டனின் தபால் நிலையங்களில் 1999 முதல் ஹொரைசன் என்ற கணக்கு சாஃப்ட்வேர் நிறுவப்பட்டது. அதைத் தயாரித்தது ஃபுஜிட்சு நிறுவனம். கல்லாவில் பணம் குறைகிறது என்று அது காட்டியபோதெல்லாம், கிளை நடத்துபவர்களே கைப்பணத்தைப் போட்டு ஈடுகட்ட வேண்டியிருந்தது. உதவி கேட்டுப் போன் செய்த பலரிடம், உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்னை என்று சொல்லப்பட்டது. 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. சிலர் சிறைக்கும் போனார்கள். கம்ப்யூட்டர் சரியாகத்தான் இயங்கியிருக்கும் என்று கோர்ட் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்தான் காட்ட வேண்டும். அந்த சாஃப்ட்வேரில் பக் இருந்ததை லண்டன் ஐகோர்ட் 2019 டிசம்பரில் உறுதி செய்தது. 2024 ஜனவரியில் இதைப் பற்றி ஒரு டிவி தொடர் ஒளிபரப்பாகி நாடே கொதித்த பிறகுதான், அந்தத் தீர்ப்புகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் மே மாதம் வந்தது.

எனவே ஆன்லைனில் எந்த விண்ணப்பம் நிரப்பினாலும், கடைசி பட்டனை அழுத்தும் முன் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றையும் கையில் உள்ள ஆவணத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒப்புகைச் சீட்டை பிரிண்ட் எடுத்து வையுங்கள். பாட்டியின் பென்ஷன் கடைசியில் திரும்ப வந்தது, அவர் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பழைய காகித உத்தரவால்தான்.

படம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் இதை வெளியிட வேண்டிய யுனிவர்சல் நிறுவனத்துக்குச் சோகமான முடிவு பிடிக்கவில்லை. காதலர்கள் சேர்வது போல வெட்டி ஒட்டச் சொன்னார்கள். கில்லியம் மறுத்துவிட்டு, 'வெரைட்டி' பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, என் படத்தை எப்போது வெளியிடுவீர்கள் என்று கேட்டார். வெட்டி ஒட்டிய பதிப்பும் பிறகு அமெரிக்க டிவியில் வந்தது. முழுப் படம் 142 நிமிடம் ஓடும். நீங்கள் வாங்கும் டிஸ்க்கில் 94 நிமிடம் என்று மட்டும் போட்டிருந்தால், கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.